சரிந்தவரும் சரித்தவர்களும்

2020 ஜூன் மாதம் நடந்த மேஜர் லீக் பேஸ்பால் டிராஃப்டில், வான்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் மார்ட்டின் ‘சரிந்தார்’. அமெரிக்க விளையாட்டு எழுத்து இத்தகைய நிகழ்வுக்கென வைத்திருக்கும் சொல் அதுதான். எந்த அணி எந்தக் கல்லூரி வீரரை, எந்தப் பள்ளி மாணவரை எடுக்கும் என்று வாரக்கணக்கில் முன்கூட்டியே எழுதப்படும் ‘மாக் டிராஃப்ட்’ பட்டியல்களில் அவர் பெயர் பெரும்பாலும் இரண்டாம் இடத்தில் இருந்தது. இரண்டாம் வாய்ப்பை வைத்திருந்த பால்டிமோர் ஓரியோல்ஸ் அணியோ ஆர்கன்சா பல்கலைக்கழகத்தின் ஹெஸ்டன் கியெர்ஸ்டாடை எடுத்தது. மார்ட்டினை ஐந்தாம் இடத்தில் டொரொன்டோ புளூ ஜேஸ் எடுத்தது.

பிறகு ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. இரண்டாம் இடத்தில் எடுக்கப்பட்ட கியெர்ஸ்டாடுக்குக் கிடைத்த போனஸ் 52 லட்சம் டாலர். ஐந்தாம் இடத்துக்குச் ‘சரிந்த’ மார்ட்டினுக்குக் கிடைத்ததோ 70 லட்சம் டாலர். கீழே விழுந்தவர் மேலே நின்றவரைவிடப் பதினெட்டு லட்சம் அதிகம் பெற்றார். இரண்டாம் இடத்துக்கு லீக் குறித்திருந்த தொகை ஏறத்தாழ 78 லட்சம். மிச்சப்பட்டதிலிருந்து ஓரியோல்ஸ் நான்காம் சுற்றில் கோபி மேயோ என்ற பள்ளி மாணவருக்கு 17.5 லட்சமும், ஐந்தாம் சுற்றில் கார்ட்டர் பாம்லருக்கு 15 லட்சமும் கொடுத்தது. ஆக, அன்று இரண்டாம் இடத்தில் நடந்தது ஒரு வீரரின் தேர்வு மட்டுமன்று. மூன்று பேருக்குமான ஒரு கொள்முதல் கணக்கு. பட்டியல்கள் முன்னறிந்து சொல்லத் தவறியது மார்ட்டினின் மட்டைத் திறனையன்று, இந்தக் கணக்கை.

அமெச்சூர் வீரர்களைப் பற்றிய முன்கணிப்பு எழுத்து தன்னைத் திறமை பற்றிய சொல்லாடலாகக் காட்டிக்கொள்கிறது. உண்மையில் அது விலை பற்றிய சொல்லாடல். விலையை வைப்பவர்களின் பெயர்களை வாக்கியத்திலிருந்து அகற்றி, அதன் விளைவை மட்டும் பதினெட்டு, இருபது வயது இளைஞரின் தலையில் ஏற்றுவதே அதன் இலக்கண வேலை. இந்த எழுத்து வகைமையின் மீதான முதன்மைக் குற்றச்சாட்டு அதன் கணிப்புகள் தவறிப்போகின்றன என்பதன்று.

டிராஃப்ட் என்னவென்று அறியாத தமிழ் வாசகர் இதை ஐபிஎல் ஏலத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடும். ஏலத்தில் பல அணிகள் ஒரு வீரருக்காகப் போட்டியிடுகின்றன. விலை எல்லோர் கண்முன்னும் ஏறுகிறது. டிராஃப்டில் விலைப்போட்டி என்பதே கிடையாது. முப்பது அணிகள் வரிசையில் நின்று ஒவ்வொருவராக ஒரு பெயரைச் சொல்கின்றன. பெயர் சொல்லப்பட்ட கணத்திலிருந்து அந்த இளைஞர் அந்த ஓர் அணியோடு மட்டுமே பேரம் பேச முடியும். பிடிக்கவில்லையென்றால் கல்லூரிக்குப் போகலாம் அல்லது மீளலாம். அடுத்த டிராஃப்டுக்குக் காத்திருக்கலாம். இந்த லீக்கின் வேறோர் அணியிடம் போக முடியாது. தான் எந்த ஊரில் யாரிடம் வேலை செய்யப்போகிறோம் என்பதில் தனக்கொரு குரல் இல்லாத தொழிலாளி என்று இதை வேறெந்தத் துறையிலும் எளிதாகச் சொல்லிவிடுவார்கள்.

இந்த ஏற்பாடு திறமையைச் சமமாகப் பங்கிடுவதற்காகவே உருவானது என்ற புராணமும் உண்டு. தோற்ற அணிக்கு முன்வாய்ப்பு என்ற விதி அதற்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. காலவரிசையோ வேறொன்றைச் சொல்கிறது. 1964இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ரிக் ரைக்கார்டுக்காகப் பல அணிகள் போட்டியிட்டன. ஏஞ்சல்ஸ் அணி சுமார் இரண்டு லட்சம் டாலர் கொடுத்து அவரை ஒப்பந்தம் செய்தது. மறு ஆண்டே, 1965இல், முதல் டிராஃப்ட் நடந்தது. கான்சஸ் சிட்டி அத்லெட்டிக்ஸ் முதலாவதாக எடுத்த ரிக் மண்டே ஏறத்தாழ அதில் பாதித் தொகைக்குக் கையெழுத்திட்டார். ரைக்கார்டின் தொகையை இன்னொரு வீரர் தாண்ட ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள் ஆயின. அமெரிக்காவில் விலைவாசி தறிகெட்டு ஏறிய எழுபதுகளையும் உள்ளடக்கிய பதினைந்து ஆண்டுகள் அவை. போனஸை அடக்குவதற்கான கருவி தன் வேலையைச் செவ்வனே செய்தது.

2012 முதல் அந்தக் கருவிக்குப் புதிய கூர் வைக்கப்பட்டது. முதல் பத்துச் சுற்றுகளின் ஒவ்வோர் இடத்துக்கும் லீக் ஒரு தொகையைக் குறிக்கிறது. ஓர் அணியின் இடங்களுக்குரிய தொகைகளின் கூட்டே அந்த அணியின் நிதி வரம்பு. அதை ஐந்து விழுக்காடுவரை மீறினால் மீறிய தொகைக்கு 75 விழுக்காடு வரி. அதற்கு மேல் மீறினால் எதிர்கால முதல் சுற்று வாய்ப்பே பறிபோகும். எந்த அணியும் அந்த இரண்டாம் கோட்டைத் தாண்டத் துணிந்ததில்லை. இந்த விதிகளை அணி உரிமையாளர்களோடு பேசி ஒப்புக்கொண்டது வீரர் சங்கம். ஆனால் சங்கத்தில் இருந்தவர்கள் ஏற்கெனவே மேஜர் லீக்கில் ஆடிக்கொண்டிருந்தவர்கள். எவருடைய போனஸுக்கு வரம்பு கட்டப்பட்டதோ அந்தப் பள்ளி, கல்லூரி இளைஞர்கள் சங்கத்தின் உறுப்பினர்களல்லர். அவர்களுக்கு வாக்கும் இல்லை. பிறர் பங்கை விட்டுக்கொடுத்துத் தன் பங்கைக் காப்பது எல்லாப் பேரப் பேச்சிலும் மலிவான உத்தி.

புதிய விதியின் முதல் டிராஃப்டிலேயே அதன் தர்க்கம் வெளிப்பட்டது. 2012இல் முதல் வாய்ப்பு ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸிடம் இருந்தது. ஸ்டான்ஃபோர்டின் பிட்சர் மார்க் ஆப்பெல், ஜார்ஜியா மாநிலப் பள்ளி மாணவர் பைரன் பக்ஸ்டன் ஆகியோரின் பெயர்களே பட்டியல்களில் அதிகம் அடிபட்டன. ஆஸ்ட்ரோஸ் எடுத்ததோ புவேர்ட்டோ ரிக்கோவின் கார்லோஸ் கொரேயாவை. முதல் இடத்துக்குக் குறித்த தொகை 72 லட்சம். கொரேயா 48 லட்சத்துக்கு ஒப்புக்கொண்டார். மிச்சத்தின் ஒரு பகுதி 41ஆம் இடத்தில் எடுக்கப்பட்ட லான்ஸ் மெக்கல்லர்ஸுக்கு 25 லட்சமாகச் சென்றது. ஆப்பெல் எட்டாம் இடம்வரை ‘சரிந்தார்’. பிட்ஸ்பர்க் பைரட்ஸ் கொடுக்க முன்வந்ததை மறுத்து ஸ்டான்ஃபோர்டுக்குத் திரும்பினார். மறு ஆண்டு அதே ஆஸ்ட்ரோஸ் அவரை முதலாவதாக எடுத்தது. மேஜர் லீக்கில் அவர் முதன்முதலாகப் பந்தெறிந்தது 2022இல், பிலடெல்ஃபியாவுக்காக, தம் முப்பதாம் வயதில்.

ஆப்பெலைப் பற்றிய கணிப்பு தவறியதற்காக எவரையும் குறை சொல்ல வேண்டியதில்லை. இருபது வயது உடலும் தோளும் பத்தாண்டு கழித்து என்னவாகும் என்பது யாருக்கும் தெரியாது. மைக் பியாட்சாவை 1988இல் 62ஆம் சுற்றில், அதுவும் குடும்ப நட்புக்காக, டாட்ஜர்ஸ் எடுத்தது. அவர் ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனார். ஆல்பர்ட் புஹோல்ஸ் 402ஆம் ஆளாக எடுக்கப்பட்டவர். இருபத்து நான்கு பெயர்கள் சொல்லப்பட்ட பிறகே 2009இல் மைக் ட்ரவுட்டின் பெயர் ஒலித்தது. திறமையைக் கணிப்பது இருட்டில் கைநீட்டுவது. அதில் தவறுவது மன்னிக்கத்தக்கது. மன்னிக்க முடியாதது, தெரிந்த ஒன்றைச் சொல்லாமல் விடுவது. ‘இந்த வீரர் இத்தனை லட்சம் கேட்கிறார், இந்த அணி அதைத் தர விரும்பவில்லை’ என்பது டிராஃப்டுக்கு முன்பே அணி அலுவலகங்களுக்கும் முகவர்களுக்கும், அவர்களோடு நாள்தோறும் தொலைபேசியில் பேசும் பட்டியல் எழுத்தாளர்களுக்கும் பெரும்பாலும் தெரிந்திருக்கிறது. அது வாசகருக்கு வந்து சேரும்போது ஒரு வீரரின் குணவிசேஷமாக உருமாறியிருக்கிறது.

உருமாற்றத்தின் பொறி மொழியில் இருக்கிறது. ‘சரிந்தார்’ என்ற வினையையே எடுத்துக்கொள்ளலாம். தமிழ் இலக்கணம் தன்வினை, பிறவினை என்று பிரித்து வைத்திருப்பது எவ்வளவு பெரிய அறிவுச் சேமிப்பு என்பது இங்கே விளங்கும். விழுவது ஒன்று, வீழ்த்துவது வேறொன்று. உருள்வதற்கு ஒருவர் போதும். உருட்டுவதற்கு இன்னொருவர் வேண்டும். ஒன்பது அணிகள் ஒரு வீரரை ‘வேண்டாம்’ என்று முடிவுசெய்யும் நிகழ்வில் ஒன்பது செய்பவர்கள் உண்டு, செயப்படுபொருள் ஒருவர். ‘சரிந்தார்’ என்று எழுதும்போது அந்த ஒன்பது எழுவாய்களும் மறைந்து, செயப்படுபொருளாக இருந்த இளைஞரே எழுவாயாகிவிடுகிறார். மறுத்தவர்கள் யாரும் இல்லை. பனிச்சறுக்கில் கால் தவறியதுபோல் அவராகவே கீழே போனார்.

அடுத்தது, ‘இந்த அணியோடு இவரது பெயர் இணைக்கப்படுகிறது’ என்ற நிரந்தரச் செயப்பாட்டு வாக்கியம். யார் இணைத்தார்கள்? அணியின் அதிகாரியா? விலையை ஏற்ற விரும்பும் வீரரின் முகவரா? எதிரணியைத் திசைதிருப்ப விரும்பும் மூன்றாம் அணியா? மூன்றும் நடப்பதே, மூன்றின் பொருளும் வெவ்வேறு. ஒரு செய்தி பேசுபவருக்கு எவ்வழியில் கிடைத்தது என்பதை வினையிலேயே குறிக்கும் கூறு உலக மொழிகள் பலவற்றில் உண்டு. அமேசான் காட்டின் வடமேற்கில் பேசப்படும் தரியானா மொழியில், கண்டதா, கேட்டுணர்ந்ததா, தடயத்திலிருந்து ஊகித்ததா, பொது அறிவால் கருதியதா, பிறர் சொன்னதா என்று குறிக்காமல் ஒரு சாதாரணச் செய்தி வாக்கியத்தைக்கூட முடிக்க இயலாது. தமிழில் அத்தனை கட்டாயம் இல்லையென்றாலும், ‘எடுக்கப்போகிறார்களாம்’ என்று சொல்லும்போது அந்த ஈற்று ‘ஆம்’ ஓர் எச்சரிக்கையாக நிற்கிறது: இது யாரோ சொன்னது, பொறுப்பு என்னுடையதன்று. மாக் டிராஃப்டின் ஆங்கிலம் இதை நேர்எதிராகச் செய்கிறது. அது கேள்விப்பட்டதை, கேள்விப்பட்டது என்ற சாயல் மட்டும் பூசி, ஆனால் யாரிடமிருந்து என்பதை முற்றாகத் துடைத்துத் தருகிறது. வதந்தியின் கவர்ச்சி மிஞ்சுகிறது; வதந்தியின் முகவரி போய்விடுகிறது. (பெயர் சொல்லாத ஆதாரம் இதழியலில் தவிர்க்க முடியாதது என்பார்கள். உண்மை. ஆனால் ‘முகவர் தரப்பு’ என்றோ ‘அணித் தரப்பு’ என்றோ எழுத எந்த ரகசியத்தையும் காட்டிக்கொடுக்க வேண்டியதில்லை.)

எல்லாவற்றிலும் நயமான சொல் ‘சைனபிலிட்டி’. சொல்லுக்குச் சொல் பார்த்தால், கையெழுத்திடும் தன்மை. எடை, உயரம்போல வீரரின் உடலோடு பிறந்த ஒரு பண்பு என்று தோன்றும். ‘இவருக்குச் சைனபிலிட்டிச் சிக்கல் உண்டு’ என்றால் நோய்போல ஒலிக்கிறது. அதன் நேர்ப்பொருள்: இவர் மலிவாகக் கிடைக்க மாட்டார். கல்லூரியில் இடம் உறுதியாகி, தன் கேள்வித் தொகையைத் தெளிவாகச் சொல்லி, அதற்குக் குறைந்தால் படிக்கப் போவேன் என்னும் பதினெட்டு வயது மாணவரிடம் என்ன சிக்கல் இருக்கிறது? அவரிடம் இருப்பது பேர வலிமை. கொடுக்க விரும்பாத அணியிடம் இருக்கும் தயக்கத்தை எடுத்து அந்த மாணவரின் பெயருக்குப் பின்னால் ஒட்டிவைத்த லேபிள்தான் இந்தச் சொல். வேலைக்குக் கூடுதல் கூலி கேட்பவரைப் ‘பணியமர்த்தும் தன்மை குறைந்தவர்’ என்று ஒரு முதலாளி எழுதினால் அதைச் செய்தியாளர் அப்படியே நகல் எடுப்பாரா?

இந்த மொழி எவரையும் காயப்படுத்தாத வெறும் வழக்காறு என்று நினைப்பவர்கள் 2014ஐ நினைவுகூர வேண்டும். அந்த ஆண்டும் முதல் வாய்ப்பு ஆஸ்ட்ரோஸிடம். பிரேடி ஐக்கன் என்ற பள்ளி பிட்சரை எடுத்து 65 லட்சத்துக்கு உடன்பாடும் கண்டது. மருத்துவப் பரிசோதனைக்குப் பின் அணி தொகையைக் குறைத்தது, உடன்பாடு முறிந்தது. முதல் இடத்துக்குரிய வீரர் கையெழுத்திடாவிட்டால் அந்த இடத்துக்குரிய தொகை முழுவதும் அணியின் வரம்பிலிருந்து கழிக்கப்படும். எனவே அதே அணி ஐந்தாம் சுற்றில் எடுத்து 15 லட்சத்துக்கு உடன்பாடு கண்டிருந்த ஜேக்கப் நிக்ஸின் ஒப்பந்தமும் காற்றில் போனது. நிக்ஸின் தோளிலோ முழங்கையிலோ எவரும் எந்தக் குறையும் சொல்லவில்லை. இன்னொருவரின் எம்ஆர்ஐ படத்தால் ஒருவரின் 15 லட்சம் டாலர் மறைந்தது. சங்கம் முறையீடு செய்த பின்னரே அவருக்கு ஒரு தீர்வு கிட்டியது. ஆஸ்ட்ரோஸுக்கு ஈடாகக் கிடைத்தது 2015இன் இரண்டாம் வாய்ப்பு. அதில் அலெக்ஸ் பிரெக்மன் வந்தார், பின்னர் அணி உலகத் தொடரை வென்றது. இன்று அந்தக் கதை ‘அதிர்ஷ்டத் திருப்பம்’ என்ற தலைப்பில் நினைவுகூரப்படுகிறது. ஐக்கன் மேஜர் லீக்கை எட்டவேயில்லை.

தமிழ்ச் செவிக்குச் சட்டென்று நெருக்கமாகக் கேட்கும் ஒரு பெயரும் இந்த வரலாற்றில் உண்டு: குமார் ராக்கர். தாய்வழியில் இந்திய வம்சாவளி. தந்தை ட்ரேசி ராக்கர் அமெரிக்கக் கால்பந்து வீரராகவும் பயிற்சியாளராகவும் அறியப்பட்டவர். 2019இல் வான்டர்பில்ட்டின் முதலாண்டு மாணவராக இருந்தபோது டியூக் பல்கலைக்கழகத்துக்கு எதிராக ஒரு ஹிட்கூடத் தராமல், 19 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்து முழு ஆட்டத்தையும் எறிந்தவர். 2021 டிராஃப்டில் பத்தாம் இடத்தில் நியூயார்க் மெட்ஸ் அவரை எடுத்தது. அறுபது லட்சம் டாலர் அளவில் உடன்பாடு ஏற்பட்டதாகச் செய்திகள் வந்தன. மருத்துவப் பரிசோதனைக்குப் பின் மெட்ஸ் எந்தத் தொகையும் தர முன்வரவில்லை. டிராஃப்டுக்கு முந்தைய எம்ஆர்ஐ திட்டத்தில் அவர் பங்கேற்காததால் குறைந்தபட்சத் தொகை தரும் கடமையும் அணிக்கு இல்லை. மெட்ஸுக்கு மறு ஆண்டு பதினோராம் வாய்ப்பு ஈடாகக் கிடைத்தது. ராக்கருக்கு ஈடு எதுவும் இல்லை. விதியின் நீதி இவ்வளவுதான்: வாங்கியவருக்குப் பொருள் பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம், பொருளுக்கு முறையீட்டு மன்றம் கிடையாது.

அடுத்த ஓராண்டு ராக்கரைப் பற்றிய கணிப்புகளில் அவரது தோளே எழுவாயாக இருந்தது. அவர் சிறு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு, டிராஃப்டோடு தொடர்பற்ற ஃபிரண்டியர் லீக்கில் சில ஆட்டங்கள் எறிந்தார். 2022இல் டெக்சஸ் ரேஞ்சர்ஸ் அவரை மூன்றாம் இடத்தில் எடுத்தபோது முன்கணிப்பு உலகமே வாய்பிளந்தது. இதையும் பணத்தின் வழியே பார்த்தால் வியப்பு பாதியாகக் குறையும். கோரி சீகர், மார்க்கஸ் செமியென் ஆகியோரை விலைக்கு வாங்கியதால் ரேஞ்சர்ஸுக்கு இரண்டாம், மூன்றாம் சுற்று வாய்ப்புகள் இல்லை. மூன்றாம் இடத்துக்குரிய தொகை ஏறத்தாழ 76 லட்சம். ராக்கருக்கு 52 லட்சம். மிச்சத்தைக் கொண்டு நான்காம் சுற்றில் பிராக் போர்ட்டர் என்ற பள்ளி பிட்சருக்கு 37 லட்சம் கொடுத்தார்கள். முந்தைய ஆண்டு கைவிடப்பட்ட ஒருவர் குறைந்த தொகைக்கு இசைவார் என்பதை ஓர் அணி கணக்கிட்டது, அவ்வளவே. மெட்ஸின் மறுப்பு அவருடைய தோள் மீதான ஐயமாக மட்டும் முடியவில்லை; மறு ஆண்டு இன்னோர் அணிக்குத் தள்ளுபடியாகவும் பயன்பட்டது. 2024 செப்டம்பரில் அவர் ரேஞ்சர்ஸுக்காக மேஜர் லீக்கில் எறிந்தார்.

வீரர்களை வருணிக்கும் சொற்கள் பற்றியும் சில வரிகள் தேவை. ஸ்கவுட்டுகள் திறன்களை 20 முதல் 80 வரை எண்ணால் அளக்கிறார்கள். அதோடு ‘மேக்கப்’ என்று ஒன்றையும் சேர்க்கிறார்கள். தமிழில் அச்சொல்லுக்கு முகப்பூச்சு என்றே பொருள். அங்கே அது குணநலன், மனத்திண்மை. தமிழ்ப் பொருளே அதிகப் பொருத்தம் என்று தோன்றுமளவுக்கு அதில் பூச்சுவேலை நடக்கிறது. ஒருவர் ‘கடின உழைப்பாளி, ஆட்டத்தை வாசிப்பவர்’. இன்னொருவர் ‘இயல்பான உடல்வலிமை, பக்குவப்படாதவர்’. முன்னது எவருக்கு, பின்னது எவருக்கு வழங்கப்படுகிறது என்று நிறம் பார்த்துப் படித்தவர்கள் நெடுங்காலமாகச் சுட்டிவருகிறார்கள். ஒப்புமை கூறும் வழக்கத்திலும் அதே கோணல்: கறுப்பின இளைஞருக்கு ஒப்பாகக் கறுப்பின நட்சத்திரம், வெள்ளை இளைஞருக்கு வெள்ளை நட்சத்திரம், லத்தீனோவுக்கு லத்தீனோ. உவமைக்குப் பொதுத்தன்மை வேண்டும் என்பது பாலபாடம். பந்தை அடிக்கும் விதமா, தோலின் நிறமா, எது இங்கே பொதுத்தன்மை? இருபது வயதில் ஒட்டிய இந்த அடைமொழிகள் அடுத்த பத்தாண்டும் கூடவே வரும்.

எதிர்வாதங்கள் தெரிந்தவையே. இது வெறும் கேளிக்கை, ரசிகர்கள் விரும்பிப் படிக்கிறார்கள் என்பது ஒன்று. கேளிக்கை என்பது யாருடைய செலவில் என்ற கேள்வியை அது தொடுவதேயில்லை. மிகச் செல்வாக்குள்ள பட்டியல்களில் சில, லீக்கின் சொந்த இணையதளத்தில், லீக் சம்பளம் தரும் எழுத்தாளர்களால் எழுதப்படுகின்றன. டிராஃப்ட் இரவு லீக்கே விற்கும் தொலைக்காட்சி நிகழ்ச்சி. ஓர் ஏற்பாட்டின் உரிமையாளரே அதைப் பற்றிய எதிர்பார்ப்பையும் தயாரித்து விற்கும்போது, ‘வெறும் கேளிக்கை’ என்பது பதிலாகாது.

இரண்டாவது வாதம் வலுவானது: நல்ல எழுத்தாளர்கள் தொகைகளைப் பற்றியும் எழுதுகிறார்கள், ‘குறைந்த தொகைக்கு இசையக்கூடியவர்’ என்று வெளிப்படையாகவே குறிக்கிறார்கள். ஆம், குறிக்கிறார்கள், அண்மை ஆண்டுகளில் இன்னும் அதிகமாகவே. ஆனால் எப்படிக் குறிக்கிறார்கள்? அணியின் ‘புத்திசாலித்தனமான உத்தி’யாக. 2025இல் வாஷிங்டன் நேஷனல்ஸ் தன் பொது மேலாளர் மைக் ரிஸோவை டிராஃப்டுக்கு ஒரு வாரம் முன்பு நீக்கியது. பின்னர் முதல் இடத்தில் எலி வில்லிட்ஸ் என்ற பதினேழு வயது ஓக்லஹோமா மாணவரை எடுத்தது. குறித்த தொகை 110 லட்சத்துக்கு மேல்; கையெழுத்தானது 82 லட்சம். ஏறத்தாழ 29 லட்சம் டாலர் ‘சேமிக்கப்பட்டது’. சேமிப்பு என்ற சொல்லின் உரிமையாளர் யார் என்பதைக் கவனிக்க வேண்டும். அணிக்கு அது சேமிப்பு. முதல் இடத்துக்கென லீக்கே வைத்த மதிப்பிலிருந்து கழிக்கப்பட்ட தொகை என்பது வில்லிட்ஸின் பக்கத்து வாக்கியம். அது அச்சேறுவதில்லை. அந்தத் தொகை வேறு இளைஞர்களுக்குத்தானே போகிறது என்பார்கள். போகிறது. வரம்புக்குட்பட்ட ஒரே பானையிலிருந்து ஓர் இளைஞரின் சோற்றை எடுத்து இன்னொருவருக்கு வைக்கும் முறையில், பானையின் அளவைத் தீர்மானித்தவர்கள் பேச்சிலேயே வராமல் தப்பிக்கிறார்கள் என்பதே இங்கே சொல்லப்படுவது.

அந்த அளவு எவ்வளவு கருணையற்றதாக இருக்க முடியும் என்பதற்கு மீண்டும் 2020தான் சான்று. நாற்பது சுற்றுகளாக இருந்த டிராஃப்டைத் தொற்றுநோயைக் காரணங்காட்டி ஐந்து சுற்றாகக் குறைத்தார்கள். எடுக்கப்படாத எவருக்கும் தரத்தக்க உச்சத் தொகை 20,000 டாலர் என்று வரம்பு கட்டினார்கள். அந்த ஆண்டு அவ்வளவு பட்டியல்கள் வெளியாயின. முதல் சுற்றின் 29 பெயர்களும் திரும்பத் திரும்ப அலசப்பட்டன. முந்தைய ஆண்டுகளில் ஆறாம் சுற்றிலோ எட்டாம் சுற்றிலோ போயிருக்கக்கூடிய, லட்சக்கணக்கில் பெற்றிருக்கக்கூடிய கல்லூரி வீரர்கள் ஒரு பழைய காரின் விலைக்குக் கையெழுத்திட்டதைக் கணித்துச் சொல்ல எந்தத் தீர்க்கதரிசனமும் தேவைப்பட்டிருக்காது.

பட்டியல்களை நிறுத்திவிட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்பது சிறியது. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அந்த இடத்துக்குரிய தொகையும், அவர் கேட்பதாக அறியப்படும் தொகையும் இருக்கட்டும். ‘இணைக்கப்படுகிறது’ என்ற இடத்தில் எந்தத் தரப்பு இணைத்தது என்பது இருக்கட்டும். ‘சைனபிலிட்டி’ என்பதை அகற்றி ‘அணி தர மறுக்கக்கூடும்’ என்று எழுதட்டும். ‘சரிந்தார்’ என்னுமிடத்தில் மறுத்த அணிகளின் பெயர்களை வரிசையாக இடட்டும். அவை இரகசியமல்ல, தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்ததுதான். இதில் எதுவும் ஓர் எழுத்தாளரின் ஆதாரத்தை இழக்கச் செய்யாது. ஒன்றை மட்டும் இழக்கச் செய்யும்: நாளை அந்த ஆதாரம் தொலைபேசியை எடுக்கும் உற்சாகத்தை.

இதற்கு அவசரம் உண்டு. இப்போதைய கூட்டு ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1 அன்று முடிவடைகிறது. டிராஃப்டை டொமினிக்கன் குடியரசு, வெனிசுவேலா உள்ளிட்ட நாடுகளின் இளைஞர்களுக்கும் விரிவாக்க வேண்டும் என்பது அணி உரிமையாளர்களின் நெடுநாள் விருப்பம். 2022இல் வீரர் சங்கம் அந்த முன்மொழிவை மறுத்தது; அடுத்த பேச்சில் அது மீண்டும் மேசைக்கு வரக்கூடும். அங்கே ஒப்பந்தத்துக்குரிய வயது பதினாறு. அவர்களைப் பற்றிய தரவரிசைகள் இப்போதே வெளியாகின்றன. டிராஃப்ட் அங்கேயும் வந்துவிட்டால், சான்டோ டொமிங்கோவின் ஒரு பதினாறு வயதுச் சிறுவன் எந்த இரவில், எந்த இடம்வரை ‘சரிவான்’ என்று பத்து மாதங்களுக்கு முன்பே எழுதத் தொடங்குவார்கள். அப்போது அவனிடம் ஸ்டான்ஃபோர்டுக்குத் திரும்பிப் போகும் வழியும் இருக்காது.